அம்மாவுக்குத் தெரிந்த ஒரே எழுத்து

நம்மைக் கிழடுகள் என்று சொன்னால் உங்களில் பலருக்குக் கோபம் வரும். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தானே ஆகிறது என்பீர்கள். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எந்தக் கம்பெனி வாசலில் வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். முப்பதுக்கு மேல் லைனில் நிற்க வைக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் முதுமை முப்பத்தோராவது வயதில் ஆரம்பிக்கிறது. ஆகையால் நான் கிழவியாகவே பேசுகிறேன், நீங்களும் அப்படியே கேளுங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் உண்டு. போன வாரம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணொருத்தி வந்தாள். பெயர்க் கட்டத்தில் நான் கை வைப்பதற்குள், "எக்கா, மொதல்ல மேல ஒரு பிள்ளையார் சுழி போட்டுட்டு அடிங்கக்கா. எங்கம்மா போன்ல கேப்பா, போட்டியாட்டின்னு" என்றாள். அதற்கெல்லாம் இதில் இடமில்லை, வேறெதையாவது அடித்தால் கட்டம் சிவந்து போகும் என்றேன். "அப்ப நானே போட்டுக்கிடுதேன்" என்று சொல்லி, என் கம்ப்யூட்டர் திரையின் மேல் ஓரத்தில் விரலாலேயே ஒரு உ போட்டுக் கும்பிட்டாள்.

அவள் போன பிறகு திரையில் விரல் ரேகை எண்ணெய்ப் பிசுக்காகத் தெரிந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன். துடைக்க மனசு வரவில்லை. அன்றைக்குக் கடையைப் பகலிலேயே சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஏன் என்றுதான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு வடக்குப்பட்டுப் பக்கம். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது உ. யார் கற்றுக்கொடுத்தது என்று நான் கேட்டதற்கு, "மூச்சு வுட யாருடி கத்துக் குடுத்தாங்க?" என்றாள். அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு குடும்பத்தையே நடத்தினாள். புதுப்பானை வந்தால் மஞ்சளில் உ. முறம் வாங்கினால் சாணி மெழுகும் முன் உ. காலண்டரின் முதல் தாளில், மாட்டின் நெற்றியில், பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில். எனக்கு வயிறு வலித்தால் தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெயில் உ. மளிகைச் சீட்டு எழுத வேண்டுமென்றால் தாளைத் தன் பக்கம் இழுத்து முதலில் உ போட்டுவிட்டு அக்காவிடம் நீட்டுவாள். அக்கா அதன் கீழே மஞ்சள் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும், வீட்டில் மஞ்சள் மூட்டையாகக் கிடந்தாலும். புதுத் தோசைக்கல்லில் முதல் தோசையைக்கூட வட்டமாக ஊற்ற மாட்டாள். வாலும் சுழியுமாகக் கருகி வரும் அதைத் தின்ன வேண்டியவள் நான்.

அம்மாவின் உவுக்கு வால் நீளம். தாளின் இந்த ஓரத்தில் ஆரம்பித்தால் அந்த ஓரம் வரைக்கும் போகும். நானும் அதற்கு ஒரு மூக்கும் கண்ணும் வைத்து வாத்து ஆக்கிவிடுவேன். பார்த்துவிட்டால் தொடையில் கிள்ளு விழும். அம்மா அடிக்க மாட்டாள், கிள்ளுவாள். ஒரு வாரத்துக்கு நீலமாக இருக்கும்.

ஒரே ஒரு தாளில்தான் அந்த எழுத்து இருக்காது, கருமாதிப் பத்திரிகையில். தபால்காரர் கார்டை நீட்டினால் அம்மா முதலில் அதன் தலையைப் பார்ப்பாள். உ இருந்தால் கையை நீட்டி வாங்குவாள். இல்லாவிட்டால் ஓரடி பின்னால் போய், "அங்கியே நின்னு படிச்சிரு" என்பாள். படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் எங்கள் தெருவில் சாவுச் செய்தி முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஆடி மாதத்தில் ஊருக்கு ஒரு ஜீப் வந்தது. முன்பக்கப் பலகையில் உதவிப் பொறியாளர் என்பதைச் சுருக்கி உ.பொ. என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கம் வரப்போகிற கம்பெனிக்காக நிலத்தை அளக்க வந்த ஜீப் அது. அம்மா களையெடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தவள், பலகையைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்து ஜீப்பைக் கும்பிட்டாள். "சாமி பேர எழுதிக்கினு வந்துக்கிறாங்க, நல்ல மனுசங்கதான்" என்றாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, உடனே வயிற்றெரிச்சலும் வருகிறது.

சர்வேயர் எங்கள் வாசலில் உட்கார்ந்து மோர் குடித்தார். அப்பா தன் தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து காட்டினார். அதில் அங்கங்கே உ இருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பாருங்க சார், வரிக்கு வரி சுழி போட்டுக்கிறாங்க. அந்தக் காலத்து பக்தி" என்றாள். சர்வேயர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இது சுழி இல்லம்மா. ரெண்டு. பழைய எண்ணுல இப்டித்தான் ரெண்டு போடுவாங்க" என்றார். அம்மா தோற்கிறவளா? "ரெண்டா இருந்தா இன்னா சார், அதுலயும் அவரு கீறாரு" என்றாள். சர்வேயர் சிரித்துவிட்டு இன்னொரு செம்பு மோர் கேட்டார்.

நிலத்தை எழுதிக் கொடுத்த அன்று எல்லோரும் ஆபீசுக்குப் போனோம். அம்மாவும் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. மையில் கட்டைவிரலை வைக்கும் முன், "சார், மேல ஒரு சுழி போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போட்டுக்கம்மா. போற நெலத்துக்கு எது போட்டா இன்னா" என்றார். நீண்ட வாலோடு ஒரு உ போட்டாள். எங்கள் மூன்று தலைமுறை நிலம் அந்த உவுக்குக் கீழே போயிற்று. அந்த மூன்று தலைமுறையும் அந்த மண்ணில் முதுகொடிந்ததைத் தவிர வேறெதுவும் கண்டதில்லை, அதனால் நிலத்துக்காக நான் அழவில்லை. நான் சொல்ல வருவது வேறு. சர்க்காரின் எந்தத் தாளிலும் தன் எழுத்தைப் போடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று அம்மா கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்றது கம்பெனி. வயரிங் செக்‌ஷனுக்குப் பெண்கள்தான் வேண்டுமாம், விரல் சின்னதாக இருந்தால்தான் ஒயர் கோக்க வருமாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும், ஒரு எழுத்துத் தேர்வும் உண்டு. எங்கள் வீட்டில் பன்னிரண்டு முடித்திருந்தது அக்கா மட்டும். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது.

அக்காவுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது சம்பளத்துக்காக மட்டுமில்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வாலாஜாபாத் தாண்டி ஒரு ஊரில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவைவிடப் பதினாறு வயது மூத்தவர். பகலிலேயே வாயில் சாராய வாடை அடிக்கும். அக்கா பெரியவளான அன்றே அவருக்குத்தான் என்று பேசி வைத்திருந்தது. இப்போது வேலைப் பேச்சு வந்ததும் அம்மாவே இறங்கி வந்தாள். "வேல கெடச்சா அவ இஷ்டம். கெடைக்கலன்னா தையில தம்பிக்குக் கட்டிக் குடுத்துருவேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து அக்கா படித்த படிப்பு இருக்கிறதே! சோறு கிளறும்போதும் பொது அறிவுப் புத்தகம், கிணற்றடியிலும் அதே புத்தகம். பாப்பா, பாப்பா என்று என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்வாள். எனக்குப் பதில் தெரியாது, அவள் சொல்வது சரி என்று தலையாட்டுவதுதான் என் வேலை.

தேர்வுக்கு முந்தின மாலை ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தை அக்கா உரக்கப் படித்தாள். விடைத்தாளில் பதிவெண் தவிர வேறு எந்த எழுத்தோ குறியோ இருந்தால் தாள் செல்லாது என்று போட்டிருந்தது.

"யம்மா, சுழியும் போடக் கூடாதுன்னுதான் அர்த்தம்."

"அது மத்ததுக்குடி. சாமிக்கு யாரு வோணான்னு சொல்வாங்க? நெலத்த எழுதிக் குடுத்த தாள்லியே போட்டேன், எந்த ஆபீசர் கேட்டான்?"

"இல்லம்மா, இதுல..."

"ஸ்கூல் பரீச்சைல போட்ட இல்ல? பாசானியா இல்லியா?"

"சரிம்மா" என்றாள் அக்கா.

அக்காவின் சரி எப்படிப்பட்டது என்று அம்மாவுக்குத் தெரியும். எதிர்த்துப் பேசாமல் தன் இஷ்டப்படி செய்வதற்கு அக்கா கண்டுபிடித்த சொல் அது.

தேர்வு பெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை. அப்பா அதற்குள் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்திலேயே வாட்ச்மேன் ஆகிவிட்டார், லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனோம். மைதானம் முழுக்கத் தாவணிப் பெண்கள். வாகை மரத்தடியில் அம்மாக்கள், ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு. மாமாவும் வந்திருந்தார். எனக்குக் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்து, "உங்கக்கா பாசாயிட்டா எனக்கு யாரு சோறாக்கிப் போடுறது? பெயிலாவணும்னு வேண்டிக்கோ" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஐஸைத் தின்றேன்.

மணி அடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "போய் ஜன்னல்ல பாத்துகினு வா. போட்டாளா இல்லியான்னு பாரு. போடலன்னா போடச் சொல்லு. சொல்லாம வந்த, தொட பழுத்துரும்" என்றாள்.

பின்பக்கமாகப் போனேன். கம்பி வைத்த ஜன்னல், என் கழுத்து உயரம். அக்கா ஜன்னலை ஒட்டி மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், அவள் நெற்றியில் வியர்வை. தாளின் மேல்பக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எண் மட்டும் இருந்தது. மற்றபடி வெள்ளை.

கம்பியைத் தட்டினேன். திரும்பினாள். காற்றில் விரலால் ஒரு சுழி சுழித்து, வளைத்து, வால் இழுத்துக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. தாடையால் கரும்பலகையைக் காட்டினாள். அங்கே அதே விதியைக் கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியும், படித்தேன். ஆனால் அந்த விதியைவிட என் தொடை எனக்குப் பக்கத்தில் இருந்தது. மறுபடி காற்றில் போட்டுக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, கிள்ளு விழும் இடத்தைக் காட்டி அழுகிற மாதிரி உதட்டைப் பிதுக்கினேன்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு கண்காணிப்பாளர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்த்தாள். தாளின் இடது மூலையில், எள்ளளவுக்கு, வால் இல்லாமல் ஒரு உ போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்து, ஓடு என்று கையைக் காட்டினாள்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம், "போட்டாம்மா" என்றேன். அம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல் சொடுக்கினாள்.

இரண்டு வாரம் கழித்து முடிவைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். அக்காவும் நானும் போனோம். தேறியவர்களின் எண்கள் ஒரு தாளில். செல்லாத தாள்களின் எண்களும் காரணமும் இன்னொரு தாளில். அக்கா முதல் தாளை மூன்று முறை பார்த்தாள். இரண்டாவது தாளை நான்தான் படித்தேன். அவள் எண்ணுக்கு நேராக "விடைத்தாளில் குறி" என்று இருந்தது. நான் சத்தமாகப் படித்துவிட்டேன். அக்கா என் வாயைப் பொத்தினாள்.

திருத்துகிறவருக்கு இது யார் தாள் என்று தெரிந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் அந்த விதி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நியாயமான விதிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் அதே எழுத்தைப் போடச் சொல்லித்தான் பெண்ணை உள்ளே அனுப்பியிருப்பார்கள். ஊரே போடும் எழுத்தில் யாருடைய அடையாளம் இருக்கிறது? இதைக் கேட்க எனக்கு அப்போது வயதில்லை. வயது வந்தபோது கேட்க ஆளில்லை.

வழியில் அடிபம்பில் அக்கா முகம் கழுவினாள். நான் பம்பை அடித்துக்கொண்டே, "நான் காட்னதாலயாக்கா?" என்றேன்.

"இல்ல பாப்பா. வூட்ல போய் எதுவும் பேசாத. வாய மூடிக்கினு வா."

வீட்டுக்குப் போனால் மாமா எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒட்டியதை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "தாள்ல ஏதோ எழுதிட்டாளாம்க்கா, அதான் தூக்கிப் போட்டுட்டாங்களாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே முகத்தில் மகிழ்ச்சி.

அம்மா அக்காவைப் பார்த்தாள். "இன்னாடி எழுதின?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பாவாடையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அக்கா அம்மா பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னாள்: "நீ சொன்னியேன்னு சுழி போட்டேன். அப்பறம் பயமாயிடுச்சு. பேனாவால அடிச்சிட்டேன். அந்த அடிச்சதத்தான் குறின்னு எடுத்துக்கினாங்க. சும்மா வுட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

அவள் அடிக்கவில்லை. கடைசி வரை நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லைதான், ஆனாலும் எனக்குத் தெரியும். அடிக்கிறவளாக இருந்தால் அவள் போட்டிருக்கவே மாட்டாள்.

அம்மா கத்தவில்லை, கிள்ளவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "புள்ளையாரையே அடிச்சியா" என்றாள். அதையே இன்னொரு தரம் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, தை பொறந்ததும் வெச்சிக்கலாம்" என்றாள்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இரண்டு வார்த்தை போதும். கல்யாணம் நின்றிருக்குமா என்று தெரியாது, நின்றிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை நடந்திருக்காது.

அக்காவின் கல்யாணப் பத்திரிகைக்கு அக்காவையே மஞ்சள் தடவ விடவில்லை அம்மா. பொங்கல் பானையைத் தொட விடவில்லை. பிள்ளையாரை அடித்த கை என்பது அந்தக் கைக்குப் பேராகிவிட்டது. அக்கா விளக்கேற்ற வந்தால் அம்மா என்னைக் கூப்பிடுவாள். மாமா குடித்துவிட்டு டிராக்டரைக் கால்வாயில் இறக்கினால், "அன்னிக்கு அடிச்சா இல்ல, அதான்" என்பாள். அக்காவுக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அம்மா அவள் கால்மாட்டில் நின்று அதையே சொன்னாள். எனக்குப் பதினாலு வயது. ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். கிள்ளுக்குப் பயப்படும் வயதில்லை அது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயத்தால் பேசவில்லை, பிறகு பேசாமலிருந்ததே பழகிவிட்டது, அதற்கும் பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற வெட்கம். கோழை என்று ஒரு சொல் இருக்கும்போது நான் ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்று தெரியவில்லை.

மாமா ஈரல் கெட்டுச் செத்தார். அக்கா, இரண்டாவதாகப் பிறந்த மகளைக் கூட்டிக்கொண்டு மண்ணூரில் ஒரு ரூமுக்கு வந்தாள். கான்ட்ராக்டர் மூலமாக அதே கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. வயரிங் செக்‌ஷன் தரையைத்தான் அவள் துடைக்கிறாள், பதினைந்து வருடமாக. சின்ன விரல்காரப் பெண்கள் வரிசையாக நின்று ஒயர் கோப்பார்கள். பிரேக் விட்டதும் அக்கா மாப்போடு உள்ளே போவாள்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு இருந்தாள். போன வருடம் அவள் படுக்கையில் விழுந்தாள். அக்கா ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வருவாள், துணி அலசிப் போடுவாள், அறையைக் கூட்டுவாள். அதற்கெல்லாம் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒரு நாள் சாயங்காலம் நான் கடையிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. உள்ளே நுழைகிறேன், அக்கா கஞ்சியைக் கிண்ணத்தில் ஆற்றி ஸ்பூனில் நீட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சின்னவ வரட்டும். அந்தக் கையால வோணாம்."

முப்பது வருடம் கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு என்னவோ தாங்கவில்லை. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னேன். "அவ அடிக்கவேயில்லம்மா. நீ சொன்ன சுழி தாள்ல அப்டியேதான் இருந்துச்சு. அது இருந்ததாலதான் தாளத் தூக்கிப் போட்டாங்க. அவ மொதல்ல போடவே இல்ல. நான்தான் ஜன்னல்ல நின்னு கெஞ்சிப் போட வெச்சேன். நீ கிள்ளுவன்னு."

அக்கா, "பாப்பா" என்றாள். அதற்குள் சொல்லி முடித்திருந்தேன்.

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "அடிக்கலியா?" என்றாள்.

"அடிக்கல."

"அது இருந்ததாலயா?"

"ஆமாம்மா."

அம்மா அக்கா பக்கம் முகத்தைத் திருப்பினாள். வாயைத் திறந்தாள். அக்கா கஞ்சியை ஊட்டினாள். கடைசி வாய் வரைக்கும் குடித்தாள். எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஒளிப்பானேன், சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டாள். கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் அடங்கும் வரை நின்றாள்.

"இப்ப எதுக்குச் சொன்ன?"

"உனுக்காவத்தான்க்கா. எத்தினி வருசம் நீயே சொமந்துக்கினு இருப்ப?"

"எனக்காவன்னா அன்னிக்குச் சொல்லிருக்கணும். ஆஸ்பத்திரில சொல்லிருக்கணும். இன்னிக்குச் சொன்னது உனுக்காவ." உள்ளே கட்டிலைப் பார்த்தபடி, "அம்மாவுக்குத் தெரிஞ்சது ஒரே எழுத்து பாப்பா. அந்த எழுத்தாலதான் எம் பொழப்பு போச்சுன்னு அதுக்கே தெரிஞ்சா, அப்பறம் அது இன்னாத்த வெச்சிக்கினு உக்காந்திருக்கும்? அதுக்குத்தான் அன்னிக்கு அப்டிச் சொன்னேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து அம்மா எல்லாவற்றையும் அக்காவின் கையால் வாங்கிக்கொண்டாள். ஆனால் வாங்குகிறபோதெல்லாம் அழுதாள். அக்கா அறைக்குள் நுழைந்ததும் இரண்டு கையையும் கூப்புவாள். "என்ன வுட்ருடி, என்ன மன்னிச்சிருடி" என்பாள். பெற்றவள் கும்பிட, வேலை முடித்து வந்த களைப்போடு அக்கா அந்தக் கைகளைப் பிரித்துப் பிரித்துக் கீழே வைப்பாள். "பரவால்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் கீறேன்" என்பாள். தினமும் இதே. பத்து நாளில் அம்மா கஞ்சியைக் குறைத்தாள். பிறகு தண்ணீர் மட்டும். புது வருடக் காலண்டர் வந்தபோது, வழக்கம் போல மஞ்சளைக் குழைத்துப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "வோணாம். நான் போட்டா வெளங்காது" என்றாள். தை பிறக்கும் முன்பே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு அக்காவும் நானும் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் தேய்த்துக் கொடுக்க நான் அலசினேன். இரண்டு அண்டா முடிந்தது. பிறகு சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்:

"எம் மேல கோவமா இருந்த வரைக்கும் நல்லா சாப்ட்டுக்கினு இருந்துச்சு."

அவள் முகத்தில் கோபமில்லை. அடுத்த அண்டாவை இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஜன்னலில் நின்றதற்குக் கேட்பதா, வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் கேட்பதா, திறந்ததற்குக் கேட்பதா என்று தெரியவில்லை. தண்ணீரை மொண்டு அலசிக்கொண்டே இருந்தேன்.